தாய் படிப்பது சலுகையா, கடனா?



பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில், முப்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கணவனும் அவளும் அதே தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்கள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன படிப்பைத் தொடர வேண்டுமென்பது அவளுடைய நெடுநாளைய விருப்பம். இச்செய்தி லயத்தில் பரவியதும் என்ன பேச்சு எழும் என்பதை நீங்களும் ஊகிக்கலாம்.

“பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வயசுல இவளுக்கு எதுக்குப் படிப்பு?” என்பார் ஒருவர். “படிச்சு முடிச்சதும் கச்சேரியில கதிரை போட்டுக் குடுக்கப் போறாங்களா?” என்பார் இன்னொருவர். இவர்களைவிட நல்ல மனம் படைத்த மூன்றாமவர், “அவ புருசன் தங்கமான ஆளு. படிக்க விடுறாரே!” என்று கணவனைப் பாராட்டுவார்.

முதல் இருவரின் பேச்சிலுள்ள குறை எளிதில் தெரியும். மூன்றாமவரின் பாராட்டைத்தான் நாம் சற்று நின்று நோக்க வேண்டியிருக்கிறது. ‘விடுறாரு’ என்ற அந்தச் சிறு சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. பெண்ணின் நேரமும் அறிவும் பிறருடைய உடைமை. அவர்கள் மனமிரங்கினால் அதில் ஒரு பங்கு அவளுக்குக் கிடைக்கும். கிடைத்தால் அவள் நன்றியோடு பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அத்தீர்ப்பு. சுருங்கச் சொன்னால், வளர்ந்த பெண்ணின் கல்வியை நாம் ஒரு சலுகையாக எண்ணுகிறோம். அது சலுகைதானா? அல்லது நாம் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனா? இவ்விரண்டில் எது சரியென்று தீர்மானிப்பதைப் பொறுத்தே அவள்பால் நாம் நடந்துகொள்ளும் முறையும் அமையும்.

யார் இந்தப் பெண்கள்?

இப்பெண்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். இளமையில் இடையில் விட்ட பாடசாலைப் படிப்பை மீண்டும் தொடங்க விரும்புவோர் ஒரு சாரார். மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுப் பணிப்பெண்களாகச் சில ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பி, இனியாவது கையில் ஒரு தொழிலும் ஒரு சான்றிதழும் வேண்டுமென்று எண்ணுவோர் இன்னொரு சாரார். முன்பள்ளியிலோ தோட்டத்துச் சிறுவர் நிலையத்திலோ வேலை பார்த்துக்கொண்டே டிப்ளோமாவுக்கோ பட்டத்துக்கோ படிப்போர் வேறொரு சாரார்.

இவர்களோடு நம் பாடசாலைகளின் இளம் ஆசிரியைகளையும் சேர்க்க வேண்டும். பெருந்தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்ப்பதற்காக, 2014, 2015ஆம் ஆண்டுகளில், உயர்தரம் சித்தியடைந்த தோட்டத்துப் பிள்ளைகள் பெருந்தொகையாக ஆசிரிய உதவியாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்குக் கிடைத்தது மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. பின்னரே அது 10,000 ரூபாவாயிற்று. முறையான ஆசிரியராவதற்கு அவர்கள் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற வேண்டியிருந்தது. மணமான பெண்களுக்கு அது எளிதான காரியமா? 1924இல் பதுளையை வந்தடைந்த புகையிரதப் பாதையிலேதான் கொட்டகலையும் இருக்கிறது. அங்கேயுள்ள கலாசாலைக்குப் போக இங்கிருந்து வண்டி உண்டு. பால்குடி மறவாத குழந்தையை யாரிடம் விட்டுப் போவது என்ற கேள்விக்குத்தான் புகையிரத அட்டவணையில் விடை இல்லை.

பதுளையில், பசறை வீதியிலே, 2005இல் தாபிக்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. பசறையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ்ஸில் தோட்டத்துப் பெண்கள் அதன் வாசலைத் தாண்டித்தான் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள். தம் பிள்ளைகள் ஒருநாள் அதனுள் நுழைவார்கள் என்று அவர்கள் கனவு கண்டால் நாம் மகிழ்கிறோம். தாமும் படிக்கலாமே என்று அவர்கள் வாய்விட்டுச் சொன்னால் சிரிக்கிறோம். ஒரே கனவு, மகளுக்கு அழகாகவும் தாய்க்கு வேடிக்கையாகவும் தோன்றுவது ஏன்?

கடன் ஏறிய விதம்

கடன் என்று சொல்லும்போது அது எப்படி ஏறிற்று என்பதையும் காட்டியாக வேண்டும்.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டங்களில் வாழும் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. பத்து வயதுக்கு மேல் அப்பிள்ளைகளுக்கு என்ன கல்வி என்ற கேள்வியை அது எழுப்பவில்லை. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பொதுக் கல்வி முறைக்கு வெளியிலேயே நின்றன. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்பதே பல தோட்டங்களின் நிலையாயிருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. படித்தாலும் அரசாங்க உத்தியோகம் இல்லை என்ற விரக்தியும் இதனால் சேர்ந்துகொண்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ஐந்து முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகள் யாவரும் பாடசாலை செல்லுதல் கட்டாயம் என்ற விதி 1998இல்தான் நடைமுறைக்கு வந்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமோ 2003ஆம் ஆண்டு வரை காத்திருந்தது.

இந்த ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஐம்பது வயதை எட்டும் தோட்டத்துப் பெண், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாதது குற்றம் என்று சட்டம் சொல்வதற்கு முன்னரே தன் பள்ளிப் பருவத்தைக் கடந்துவிட்டவள். அவள் படிப்பை விட்டாள் என்று சொல்கிறோம். படிப்பு அவளை விட்டுப் போக வழிசெய்யப்பட்டது என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

இது நாட்டின் கணக்கு. வீட்டின் கணக்கு இதனிலும் நெருக்கமானது. தாய் காலையில் பெரட்டுக்குப் போய்விட்டால் தம்பியைப் பிள்ளை மடுவத்தில் கொண்டுபோய் விடுவது யார்? விறகு பொறுக்குவதும், பீலியில் தண்ணீர் பிடித்து வைப்பதும், காய்ச்சலில் கிடக்கும் தங்கைக்குக் கஞ்சி கொடுப்பதும் யார்? மூத்த பெண்பிள்ளைதான். ஒரு நாள், இரண்டு நாள் என்று தொடங்கும் வராமை ஒரு தவணையாக நீண்டு, கடைசியில் இடாப்பிலிருந்து பெயரே எடுபட்டுவிடும். சில காலம் சென்றதும் அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவாள். அவளுடைய சம்பளத்தில் தம்பிக்குக் கொப்பியும் சப்பாத்தும் வரும். அவன் பதுளையிலோ பண்டாரவளையிலோ தங்கி உயர்தரம் படிப்பான். இன்று நம் மத்தியில் ஆசிரியர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் விளங்கும் ஆண்கள் தம் குடும்ப வரலாற்றை நேர்மையாக எண்ணிப் பார்த்தால், அவர்களிற் பலருடைய சான்றிதழுக்குப் பின்னால் ஓர் அக்காவின் நின்றுபோன படிப்பு இருப்பதைக் காண்பார்கள்.

இந்தக் கணக்கில் தோட்டமும் உண்டு. ஆடி, ஆவணி மாதங்களின் வரண்ட காற்றில் விளையும் ஊவாத் தேயிலையின் மணத்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு இருக்கிறது. அக்கொழுந்தைப் பறித்த பெண்ணுக்கு ஆண் தொழிலாளிக்குச் சமமான நாட்சம்பளம் 1984ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. அதற்கு முந்திய நீண்ட காலமெல்லாம் அவளுடைய உழைப்பின் ஒரு பகுதி விலை கொடாமலே வாங்கப்பட்டது.

நாடு எடுத்தது, தோட்டம் எடுத்தது, வீடும் எடுத்தது. வறுமையின் கொடுமையால் எடுத்தவர்களும் உண்டு, அலட்சியத்தால் எடுத்தவர்களும் உண்டு. எப்படி எடுத்திருந்தாலும், எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பவரை வள்ளல் என்று யாரும் அழைப்பதில்லை.

பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

இங்கே மனச்சாட்சியுள்ள வாசகர் ஒருவர் குறுக்கிடலாம். “அநீதி நடந்தது உண்மை. அதற்காக இன்றைய பிள்ளைகள் வாட வேண்டுமா? தன்னை மறந்து பிறருக்காக வாழ்வதுதானே தாய்மை?”

இக்கேள்வியை இலேசாகத் தள்ளிவிடலாகாது. தாய் வகுப்புக்குப் போன மாலையில் பிள்ளை பசியோடு காத்திருப்பது கற்பனையன்று. தாயைத் தேடி அழும் குழந்தையின் துயரத்தைப் புள்ளிவிபரம் காட்டி ஆற்ற முடியாது. ஆயினும் இரண்டு விடயங்களை நாம் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, தியாகம் என்பது உரிமையுள்ளவர் மனமுவந்து கொடுப்பது. தனக்குரியது இன்னதென்று தெரிந்து, அதை வைத்துக்கொள்ளவும் தனக்கு வழியிருந்து, அன்பினால் விட்டுக்கொடுத்தால் அது தியாகம். விட்டுக்கொடுப்பதைத் தவிர வேறு வழியே இல்லாதபடி செய்துவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டிப் புகழ்வது நேர்மையாகாது. பிள்ளைகளுக்காக இப்போது படிக்கவில்லை என்று ஒரு தாய் தானே தீர்மானித்தால், அத்தீர்மானத்தை நாம் வணங்கலாம். அவளுக்காக நாம் தீர்மானித்துவிட்டு நம் தீர்மானத்தை நாமே வணங்குவதில் பொருளில்லை.

இரண்டாவது, பிள்ளைகளின் நலனை நாம் எப்போது நினைக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். தகப்பன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் மாதக்கணக்கில் வராதிருந்தால், பிள்ளைகளுக்காகப் பாடுபடுகிறான் என்கிறோம். தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ இரண்டு வருட ஒப்பந்தத்தில் புறப்பட்டால், வீட்டார் கூடிப் பேசிச் சம்மதிக்கிறார்கள். கடன் வாங்கியாவது அனுப்பி வைக்கிறார்கள். பிள்ளைகளை அம்மாயி பார்த்துக்கொள்கிறாள். அதே தாய் இரண்டு வருடம் கொட்டகலைக்குப் படிக்கப் போவதென்றால், அப்போதுதான் பிள்ளைகளின் நினைவு எல்லாருக்கும் வருகிறது. வறுமை அப்படிப் பேச வைக்கிறது என்பதை நான் அறிவேன். அதற்காக எவரையும் பழிக்கவில்லை. ஆனால் நம்மைத் தடுப்பது பணக் கணக்கு என்றால் அதைப் பணக் கணக்கு என்றே சொல்வோமாக. பிள்ளைகளின் பெயரை அதற்கு முகமூடியாக்க வேண்டாம்.

படித்து என்ன பயன்?

‘கச்சேரியில் கதிரை கிடைக்குமா?’ என்று கேட்டவருக்கும் பதில் சொல்ல வேண்டும். கிடைக்கும் என்று எவரும் வாக்குறுதி அளிக்க முடியாது. நாற்பது வயதில் சாதாரண தரம் சித்தியடைந்த பெண்ணுக்கு உத்தியோகம் காத்திருக்கவில்லை. பட்டம் பெற்ற இளைஞர்களே வேலைக்காக வீதியில் நின்ற நாடு இது. படித்தால் வாழ்க்கை மாறிவிடும் என்று ஆசை காட்டி ஒரு பெண்ணை வகுப்பில் சேர்ப்பது அவளை ஏமாற்றுவதேயாகும்.

உத்தியோகத்துக்கு அப்பாலும் பயன்கள் உள. சம்பளப் பற்றுச்சீட்டில் எதற்கு எவ்வளவு கழிக்கப்பட்டது என்று தானே வாசித்தறியலாம். ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தில் பெருவிரல் ஒற்றாமல், எழுதியிருப்பது இன்னதென்று தெரிந்து கையொப்பமிடலாம். கிளினிக் அட்டையையும் மருந்துப் போத்தலையும் வாசிக்கலாம். பிள்ளையின் கணக்குக் கொப்பியை விரித்து, எங்கே பிழைத்தது என்று பார்க்கலாம். இவையெல்லாம் சிறிய விடயங்களாகத் தோன்றலாம். வாசிக்கத் தெரியாததால் ஏமாற்றப்பட்டவர்களுக்குத்தான் இவற்றின் பெறுமதி தெரியும்.

ஆனால் பயனை மட்டும் வைத்து இவ்வாதத்தை முடித்துவிட்டால், பயனில்லாத இடத்தில் கல்வியும் வேண்டாம் என்றாகிவிடும். ஆணொருவன் வேலை முடிந்து பத்திரிகை வாசித்தால் அதனால் என்ன வருமானம் என்று நாம் கேட்பதில்லை. அறிய விரும்புவது மனித இயல்பு என்று அவன் விடயத்தில் ஏற்றுக்கொள்கிறோம். 1965ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆந் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, மனித மாண்பைக் காரணமாகக் காட்டி, எந்த இனத்தவருக்கும் எந்த நிலையினருக்கும் எந்த வயதினருக்கும் கல்விக்கான உரிமை உண்டு என்று போதிக்கிறது. இனம், நிலை என்பவற்றோடு வயதையும் அது சேர்த்துச் சொல்லியிருப்பது நம் கவனத்துக்குரியது. ‘இந்த வயதில் எதற்கு?’ என்ற கேள்விக்கு அதிலேயே விடை இருக்கிறது.

கடனை அடைப்பது யார்?

இனித்தான் எல்லாவற்றிலும் கடினமான பகுதிக்கு வருகிறோம். கடன் உண்டு என்று ஒப்புக்கொண்டோம். அதை யார், எதைக் கொண்டு அடைப்பது?

படிக்க விரும்பும் அப்பெண்ணின் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். ரொட்டி சுட்டு, பிள்ளைகளை ஆயத்தப்படுத்திவிட்டுப் பெரட்டுக்குப் போகிறாள். மழையானாலும் அட்டைக் கடியானாலும் மாலைவரை மலையில் நிற்கிறாள். கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பினால் தண்ணீர், விறகு, சமையல், துணி துவைத்தல். ஒன்பது மணிக்கு மேல் புத்தகத்தைத் திறந்தால், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பிள்ளைகள் உறங்குவதற்காக விளக்கை அணைக்க வேண்டும். அடுத்த காம்பராவின் தொலைக்காட்சிச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். வகுப்போ சனி, ஞாயிறுகளில் பதுளையில் நடக்கும். சனிக்கிழமை போனால் ஒரு நாள் பேர் இல்லாமற் போகும். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, மாதம் நான்கு சனிக்கிழமைக்கு நாலாயிரம் ரூபா நட்டம். பஸ் காசு அதற்குப் புறம்பு.

இந்த நாளில் படிப்புக்கென இரண்டு மணி நேரம் வேண்டுமானால், அது வானத்திலிருந்து விழாது. வீட்டிலுள்ள எவரோ ஒருவருடைய நேரத்திலிருந்துதான் வரவேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது யாருடைய நேரத்திலிருந்து வருகிறது? பன்னிரண்டு, பதின்மூன்று வயதான மூத்த மகளின் நேரத்திலிருந்து. அம்மா வகுப்புக்குப் போனால் மகள் சமைக்கிறாள். அம்மாவுக்குப் பரீட்சை நெருங்கினால் மகள் பாடசாலைக்கு மட்டம் போட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். ஐயா வழக்கம்போல் வேலையிலிருந்து வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுச் சந்திக்குப் போகிறார்.

வாசகரே, இங்கே நடப்பது என்ன? தாயின் பழைய கடனை அடைப்பதற்காக மகளிடம் புதிய கடன் வாங்கப்படுகிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அந்த மகளும் தன் நின்றுபோன படிப்பைத் தேடி இதே வாசலில் வந்து நிற்பாள். இதைப் பார்த்துவிட்டு, ‘தாய் படிக்கப் போனதால்தான் மகள் கெட்டாள்’ என்று ஊர் தீர்ப்பளிக்கும். உண்மையிலே மகளின் நேரத்தைப் பறித்தது தாயின் படிப்பன்று. வேலை பங்கிடப்படாத வீடுதான் பறித்தது.

பெத்தானியாவில் இருந்த இரு சகோதரிகளின் கதையை நாம் அனைவரும் அறிவோம். மரியாள் ஆண்டவரின் பாதத்தருகே அமர்ந்து கற்றுக்கொண்டிருந்தாள். அவர் அவளை அடுப்படிக்குத் திருப்பி அனுப்பவில்லை. கற்பதற்குப் பெண்ணுக்குள்ள உரிமையை அக்காட்சியில் காண்பது பொருத்தமே. ஆனால் மார்த்தாளின் முறைப்பாட்டிலும் ஒரு வேதனை இருக்கிறது. வேலை முழுவதும் அவள் ஒருத்தியின் தலையில் விழுந்திருந்தது. விருந்துண்ண வந்த ஆண்களில் எவரேனும் எழுந்துபோய் அவளுக்குக் கைகொடுத்ததாக நாம் கேள்விப்படவில்லை. நம் லயங்களில் மரியாள் தாயாகவும் மார்த்தாள் அவளுடைய மகளாகவும் இருக்கும்போது, ஒருத்தியைப் பாராட்டிவிட்டு மற்றவளை மறப்பது நியாயமாகுமா?

ஆகவே கடனை முதலில் அடைக்க வேண்டியவன் கணவன். அவன் தருவது பணமாக இருக்க வேண்டியதில்லை. நேரமாக இருந்தாற் போதும். மாலையில் அடுப்பு மூட்டுவதும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதும், விறகு கொண்டுவருவதும் மனைவிக்குச் செய்யும் உதவி என்று சொல்லப்படுகின்றன. தன் வீட்டில் தான் உண்ணும் சோற்றுக்குத் தான் அடுப்பு மூட்டுவது எப்படிப் பிறருக்கு உதவியாகும்? மகனையும் இதற்குப் பழக்குவது அவசியம். அரிசி களையத் தெரிந்த மகன், தன் தங்கையின் படிப்பைக் காப்பாற்றுகிறான்.

பிற இடங்களிற் செய்தவை

வீடு மட்டும் முயன்றால் போதுமா? போதாது என்பதற்கு உலகில் சான்றுகள் உள. சென்னையில் 1886இல் பிறந்து, பாலிய வயதிலேயே விதவையான சகோதரி சுப்புலட்சுமி, 1911இல் பட்டதாரியானார். தாம் படித்ததோடு அமையாமல், தம்மைப் போன்ற இளம் விதவைகள் தங்கிப் படிப்பதற்குச் சென்னைக் கடற்கரையோரத்தில் இல்லம் நடத்தினார். படிப்பதற்கு முதலில் தேவைப்படுவது பாதுகாப்பாகத் தங்க ஓர் இடம் என்பதை அவர் அறிந்திருந்தார். துர்காபாய் தேஷ்முக் எட்டு வயதிலே மணம் செய்து வைக்கப்பட்டவர். பின்னர் அம்மணத்திலிருந்து விலகி, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று மீண்ட பின்னரே மெட்ரிக்குலேஷன் தேறி, பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். அவர் முன்னின்று நடத்திய இந்திய மத்திய சமூகநல வாரியம், இளமையிற் பள்ளி வாய்ப்பை இழந்த பெண்களுக்கென்றே 1958இல் சுருக்கப் பாடத்திட்டமொன்றைத் தொடங்கியது. பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் எடுக்கும் பாடங்களை வளர்ந்த பெண்கள் இரண்டு ஆண்டுகளிலே கற்றுப் பரீட்சைக்கு ஆயத்தமாகலாம் என்ற நம்பிக்கை அதற்கு அடிப்படையாயிருந்தது.

பிரித்தானியாவில் 1969இல் திறந்த பல்கலைக்கழகம் உருவாயிற்று. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே படிப்பவர்களைத் தேடிப் பாடம் அவர்கள் வீட்டுக்கே போயிற்று. இலங்கையில் 1980இல் திறந்த பல்கலைக்கழகம் தாபிக்கப்பட்டது. பதுளையிலும் அதற்கு நிலையம் உண்டு. உயர்தரம் சித்தியடையாதவர்களும் அத்திவாரப் பாடநெறிகளின் வழியே படிப்படியாக மேலேற அங்கு இடமுண்டு.

இவை யாவற்றிலும் ஒரு பொது உண்மை தெரிகிறது. கற்க விரும்பும் பெண்ணிடம், உன் வாழ்க்கையை மாற்றிக்கொண்டு வா என்று இவர்கள் சொல்லவில்லை. அவளுடைய வாழ்க்கைக்கு ஏற்றபடி பள்ளியின் நேரத்தையும் இடத்தையும் முறையையும் மாற்றினார்கள். கடன்பட்டவன் கடன் கொடுத்தவரின் வாசலுக்குப் போவதுதானே முறை?

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களை அரசாங்கத்திடமும் தோட்டக் கம்பனிகளிடமும் கேட்போம், கேட்கவும் வேண்டும். பரீட்சை நாட்களிலும் வகுப்பு நாட்களிலும் பேர் வெட்டாதிருப்பதும், பிள்ளை மடுவத்தை வகுப்பு நாட்களில் பின்நேரம்வரை திறந்து வைப்பதும் நிருவாகத்தால் இயலாதவை அல்ல. ஆனால் அவற்றுக்காகக் காத்திராமலே நாம் செய்யக்கூடியவை பல.

கோவில் மண்டபமும் முன்பள்ளிக் கட்டடமும் இரவில் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டு மேசையும் நல்ல வெளிச்சமும் அமைதியும் அங்கே உண்டு. வாரத்தில் மூன்று இரவுகள் அவற்றைப் படிக்கும் பெண்களுக்குத் திறந்து விடலாம். துணைக்கு இருவர் இருந்து, வகுப்பு முடிந்ததும் இருட்டில் லயம்வரை சென்று விட்டுவரலாம். பரீட்சை விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்தவர்கள் அதை நிரப்பிக் கொடுக்கலாம். அடுத்த முறை அவளே நிரப்பும்படி கற்றும் கொடுக்கலாம். அக்காவின் உழைப்பில் படித்து உத்தியோகம் பெற்ற தம்பிமார், அக்காவின் வகுப்புக் கட்டணத்தையும் பஸ் காசையும் ஏற்றுக்கொள்ளலாம். அவள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், அவள் கேட்கமாட்டாள்.

கற்பிப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தன் மகன் வயதுள்ள ஒருவரை ‘சேர்’ என்று அழைத்து, பின்ன கணக்கு விளங்கவில்லை என்று சொல்வதற்கு ஒரு பெண்ணுக்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பிழை விட்டால் பிள்ளைகளை அதட்டுவதுபோல் அவளை அதட்டாதீர்கள். நாள் முழுதும் றாத்தல் கணக்குப் பார்த்தவளுக்குக் கணக்கு வராது என்று எண்ணாதீர்கள். அவளுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினால் தெரியாதது எளிதாகும்.

படிக்க வந்த சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குரியதைப் பெற்றுக்கொள்வதற்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். அதே வேளையில், படிக்காத உங்கள் தாயையும் உங்களோடு கொழுந்து பறித்தவர்களையும் குறைவாக எண்ணுவதற்கு உங்கள் கல்வி காரணமாகாதிருக்கட்டும். அவர்களும் கடன் கொடுத்தவர்களே. அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க எவரும் வரவில்லை. படிக்க விரும்பாத பெண்ணும் எவருக்கும் குறைந்தவள் அல்லள். தனக்கு வரவேண்டியதை வேண்டாமென்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. ஆனால் அவள் சார்பில் வேண்டாமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

வாசகரே, உங்கள் வீட்டிலோ அயலிலோ இத்தகைய பெண்ணொருத்தி இருக்கக்கூடும். அவள் இதுவரை எவரிடமும் தன் விருப்பத்தைச் சொல்லாமலும் இருக்கலாம். அடுத்த முறை, ‘அவ புருசன் படிக்க விடுறாரு’ என்று எவராவது பாராட்டினால், அந்தப் பாராட்டைச் சற்று நிறுத்தி வையுங்கள். அவள் வகுப்புக்குப் போயிருக்கும் அந்த மாலையில் வீட்டில் அடுப்பு மூட்டுவது யார் என்று கேட்டுப் பாருங்கள். மூட்டுவது அவளுடைய கணவனோ மகனோ என்று பதில் வந்தால், அவ்வீட்டில் கடன் அடைபடத் தொடங்கியிருக்கிறது. சின்ன மகள்தான் என்று பதில் வந்தால், நாம் செய்ய வேண்டியது இன்னும் மீதியிருக்கிறது.